நான்காவது கட்டம்

பதினைந்து மில்லி என்றார்கள் பதினான்கு பேரும்.
பன்னிரண்டு கிலோ குழந்தை. காய்ச்சல்.
கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம்,
சிரப்பில் ஐந்து மில்லிக்கு நூற்றிருபது.
விடை ஏழரை.
திரையில் ஒற்றை நீலப் பட்டை
தந்திக்கம்பம் மாதிரி நின்றது.

கொய்ஹைக்கேயில் ஜூலை மழை.
எடுவீனா உவெந்தேயோ
ஓட்டுகள் வந்த நேரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
முதலில் மிர்த்தா, இருபத்திரண்டு வருட சர்வீஸ்.
அவள் பட்டை முளைத்ததும்
மற்றவர்கள் அதன் மேலேயே ஏறியிருந்தார்கள்,
பாலத்தில் முதல் ஆடு கால் வைத்ததும்
மீதி ஆடுகள் யோசனையை நிறுத்துவதுபோல.
ஊரோடு ஒத்து வாழலாம்.
மருந்தளவு அப்படி வாழாது.

வேறு செயலி பாருங்கள் என்றது அலுவலகம்.
பார்த்தாள். மூன்று வாரம்,
விறகடுப்பும் மாத்தேயும் ஆறிப்போன ரொட்டியுமாக.
ஒன்று பத்திர எழுத்தர்போல
பெயர், பிறந்த நாள், கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து
எல்லாம் கேட்டுவிட்டு
பத்து பேருக்கு மேல் காசு என்றது.
மீதி நாலு பேரை மழையில் நிறுத்தவா?

பத்ரீசியோவுக்குப் பிடித்தது இசை வருவது.
டிக் டிக் என்று கடிகாரம்,
சரியாகச் சொன்னால் காகிதப் பூ கொட்டும்,
முந்தி அமுக்கிய மூவர் மேடை ஏறுவார்கள்.
"உற்சாகமாக இருக்கிறதே!"
இருந்தது. அவளே இரண்டு முறை ஜெயித்தாள்.
ராத்திரி படுக்கையில்தான் உறைத்தது:
குழந்தை வாயில் மருந்து ஊற்றுவது
குதிரைப் பந்தயமா?

வெள்ளைப் பலகை ஒன்றும் வந்தது.
எல்லோரும் சேர்ந்து எழுதலாம், மஞ்சள் சீட்டு ஒட்டலாம்,
ஒருவர் கோட்டை இன்னொருவர் நீட்டலாம்.
அதன் மேல் அவளுக்கு ஆசையே வந்துவிட்டது.
புயூவாப்பியில் நோல்பெர்த்தோவுக்குப்
பாதிப் பலகை இறங்குவதற்குள் டேட்டா தீர்ந்தது.
ஆசையை மூடிவைத்தாள்.

கடைசியில் கிடைத்தது ஒரு சாதாரணம்.
சாம்பல் நிறம். பூ இல்லை, பாட்டு இல்லை.
அமைப்புகளுக்குள் மூன்று படி இறங்கினால்
பொத்தான் அளவில் ஒரு வசதி:
எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை
யார் சொன்னதும் யாருக்கும் தெரியாது.
பெயரும் போகாது.
அதன் கீழே, "கட்டம் சேர்க்க."
சேர்த்தாள். எழுதினாள்:
தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை. வேறு குழந்தை, ஒன்பது கிலோ.
திரை வெறுமையாக இருந்தது.
யாரோ இருமினார்கள். எங்கோ நாய்.
காத்திருப்பது இவ்வளவு நீளம் என்று
எந்த விளக்கக் காணொளியும் சொல்லவில்லை.
பிறகு திறந்தாள்.
சரியாக ஐந்து பேர். தப்பாக மூன்று.
தெரியவில்லை, ஐந்து.

ஒருவரும் பேசவில்லை.
பிறகு மைக் ஒன்று கிளிக் என்றது, மிர்த்தா:
"கிலோவை எதோடு பெருக்க வேண்டும்?
முதலிலிருந்து சொல்லு."
சொன்ன உடனே இன்னும் மூன்று மைக் திறந்து
எல்லாம் ஒன்றாகப் பேசி
ஒன்றுமே கேட்கவில்லை.
எடுவீனா அதை நிறுத்தவில்லை.

பத்ரீசியோவின் படிவத்தில்
"உற்சாகம், பத்துக்கு எத்தனை?" என்றொரு கட்டம்.
காலியாகவே அனுப்பினாள்.

இரவு பதினொன்று நாற்பதுக்கு
பதினான்காவது ஓட்டு வந்து சேர்ந்தது.
பெயர் இல்லை.
அந்த நேரத்தில், அந்த மழையில்,
சிக்னலுக்காகப் படகுத்துறை வரை நடக்கிற ஆள் யார் என்று
அவளுக்குத் தெரியும்.
தெரியவில்லை ஆறானது.

தெரியாத மாதிரியே
அடுத்த செவ்வாய்க்குக் குறிப்பு எழுதினாள்:
பெருக்கல். எல்லோருக்கும். மறுபடியும்.