ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பின்சுவரில்
எங்கள் டிவிசனை வரைந்தோம்.
மேல்லயம், பணியலயம், பிள்ளைமடுவம், பீலி,
தவறணைக்கு இறங்கும் குறுக்குப் பாதை.
திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சிய எனாமல்.
டின்னுக்குள் தோல் கட்டிக் கிடந்ததைக்
கவ்வாத்துக் கத்தியால் கிழித்துத் திறந்தோம்.

ஆட்டோ முதுகுகளில் பெயர் எழுதும் பிலோமினா
பிரஷை நீட்டிச் சொன்னது இவ்வளவுதான்:
"தனியாப் போகப் பயப்படுற எடத்துல செவப்பு வைங்க.
காரணம் சொல்ல வேணாம்."

வேணாம் என்றதும் கைகள் நீண்டன.

பஸ் ஹோல்ட்டில் ஒன்று.
ஸ்டோருக்குப் பின்னால், தூள் பறந்து படியும் சந்தில் மூன்று.
பீலிக்குப் போகும் வளைவில்
எத்தனை பேர் வைத்தார்களோ,
சிவப்பு காயாமல் வழிந்து கான்வரை இறங்கிற்று.
பதினோராம் நம்பர் மலையில் ஒரே பொட்டு.
அங்கே நிறை பார்ப்பவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்:
இரண்டு கிலோவைக் குறைத்துவிட்டு
அப்புறம் சிரித்துக்கொண்டே கூட்டிப் போடுகிறவர்.
யாரும் வாய் திறக்கவில்லை.
ஒருத்தி மட்டும் தலைக்கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

பிறகு லோஜினி வந்தாள். ஒன்பதாம் ஆண்டு.
கழற்றிய டையைக் கையில் சுற்றியிருந்தாள்.
பஸ் ஹோல்ட்டைத் தாண்டினாள், ஸ்டோரைத் தாண்டினாள்,
பீலியைத் தாண்டினாள்.
பணியலயத்தில் ஏழாம் காம்பராமேல்
பிரஷை வைத்து
எடுக்காமல் நின்றாள்.

எட்டாம் காம்பரா என்னுடையது.

நடுவே இருப்பது கூரைக்கு எட்டாத ஒரு சுவர்.
அவர்கள் வீட்டுக் கருவாடு எங்கள் சோற்றில் மணக்கும்.
அவள் அம்மா குவைத் போய் இரண்டு வருசம்.
இரவில் எனக்குக் கேட்டது.
கேட்டது என்று இன்றைக்குத்தான் சொல்கிறேன்.
அப்போது நான் செய்தது
டிவிச் சத்தத்தைப் பதினெட்டிலிருந்து முப்பதுக்கு ஏற்றியது.

அந்திக்கு ஆம்பளைகள் வந்தார்கள்.
ஒவ்வொருத்தரும் முதலில் தேடியது
தன் காம்பராவைத்தான்.
"என்னாடி இது, டெங்குப் படமா?" என்று சிரித்தான் ஒருவன்.
"ஆமாண்ணே, தேங்கிக் கெடக்குறதத்தான் காட்டுறோம்"
என்றாள் பிலோமினா, திரும்பிப் பார்க்காமல்.
அவன் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பீடியைத் தேடினான்.
தொரை வாறதுக்குள்ள சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார் கங்காணி.
எனாமலில் சுண்ணாம்பு நிற்காது.
அடித்துப் பார்க்கட்டும்.

நான் நீலத்தை எடுத்தேன்.
அம்மன் சேலைக் கரைக்கு வாங்கிய நீலம்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
ஒரு கதவு வரைந்தேன். கோணலாக வந்தது.
"அங்க கதவு இல்லியே அக்கா."
"இருக்கு" என்றேன்.
என் வாழ்நாளில் தெரிந்தே சொன்ன பொய்களில்
இதற்கு மட்டும்தான் வேலை மிச்சம் இருந்தது.

அன்று ராத்திரி டிவியைப் போடவில்லை.
சத்தம் வந்ததும்
ரொட்டித் தட்டால் சுவரை அடித்தேன்.
ஆறாம் காம்பராவில் யாரோ அடித்தார்கள்.
ஒன்பதில், பத்தில்,
பின்லயத்தில் இரும்புச் சட்டியில்.
நாய்கள் எழுந்தன. லைட்டுகள் எழுந்தன.
அவள் புத்தகப் பையோடு வெளியே வந்தாள்,
ஒற்றைச் செருப்பில்.

விடிந்தால் பொலிசுக்குப் போக வேண்டும்.
எனக்கு ஒரு நாள் பேர் போகும்.
படிவம் சிங்களத்தில் இருக்கும், கேள்வியும்தான்.
பிலோமினா சுவரைப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.
அதை யார் பார்ப்பார்கள், பார்த்து என்ன செய்வார்கள்,
எனக்குத் தெரியாது.

என் பாயில் சுவர்ப்பக்கம் படுக்க மாட்டேன் என்றாள்.
இடம் மாறிப் படுத்தோம்.
அவள் விரல்களில் மண்ணெண்ணெய் வாசம்.
தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது கேட்டாள்:

"அந்தக் கதவுக்குக் கைப்பிடி வரையல்லியே.
ஒங்க பக்கமா, எங்க பக்கமா?"