கைமாற்று

பெயர்தான் கால்பந்து. எங்கள் நாட்டில்
அதன் பிழைப்பெல்லாம் கையில்.
நான் நடுவில் குனிகிறவன்.
என் தொடைகளுக்கு இடையே
இரண்டு கைகள் வந்து காத்திருக்கும்.
முகம் தெரியாது.
தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தால்
வானத்தின் மேல் புல் முளைத்திருக்கும்.

மூன்று வருடம் அது ஐவர் ஸ்டென்சனின் கை.
வடக்கு டகோட்டாக் குளிரிலும் வெதுவெதுப்பாக இருக்கும்,
கொஞ்ச நேரம் முன்புதான்
யாரோ காப்பிக் கோப்பையைக் கொடுத்து
வாங்கிக்கொண்டது போல.
பந்தைக் கொடுப்பேன். கைமாற்றுத்தான்,
வட்டி கிடையாது.
அவன் அதை நாற்பது கஜம் தள்ளி
இன்னொருவன் மார்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

மூன்றாவது ஆட்டம்.
எழுபத்தேழாம் எண் என் ஆள்.
தடுத்திருக்க வேண்டியவன் நான்.
என் தோளை லேசாக உரசிக்கொண்டு போனான்,
நிறுத்தம் வந்ததும் பேருந்திலிருந்து இறங்குகிறவன் மாதிரி.
குச்சி ஒடிந்த சத்தம் கேட்டதாக ஊரில் சொல்கிறார்கள்.
எனக்குக் கேட்டது
ஈரத் துணியை உதறுகிற சத்தம்.
முழங்கால்.

அடுத்து வந்தவை டோபி வெட்ஸ்டைனின் கைகள்.
பத்தாம் வகுப்பு.
இடைவேளையில் கவசத்தைக்கூடக் கழற்றாமல்
பள்ளி பேண்டில் நின்று டிராம்போன் ஊதுவான்.
ஐஸ் வாளியில் போட்டெடுத்த மாதிரிக் கைகள்.
ஒவ்வொரு முறையும் எனக்குப் பின்னால்
சன்னமாக "ஸாரி" என்பான்.
முப்பத்துநான்குக்குப் பூஜ்யம். ஸாரி.
நாற்பத்தொன்றுக்கு ஆறு. ஸாரி.

அக்டோபரில் பீட்ரூட் அறுவடை,
சர்க்கரை ஆலைக்குப் போகும் வெள்ளை பீட்ரூட்.
அப்பாக்கள் எல்லோரும் ராத்திரி லாரியில்.
மேடையில் அம்மாக்களும் போர்வைகளும்.
ஒரு வெள்ளிக்கிழமை டோபி தடுமாறி,
எங்கேயோ பார்த்து, வேறெங்கேயோ எறிந்து,
அது எப்படியோ எங்கள் பையன் கையிலேயே விழுந்தது.
நெடுஞ்சாலை இருட்டில் முதலில் ஒரு ஹாரன்.
பிறகு வயல்களுக்குள்ளிருந்து பத்து, இருபது,
கண்ணுக்குத் தெரியாத லாரிகள்,
ரேடியோவில் கேட்டவர்கள்.
அந்த ஆட்டத்திலும் தோற்றோம்.

திங்கட்கிழமைகளில் பழைய ஆட்டப் பதிவுகளைப் போட்டுக் காட்டுவார் ஹேகன்.
மூன்றாவது ஆட்டம் வரும்போது
அவர் கட்டைவிரல் ரிமோட்டை அழுத்தும்.
ஏழு நொடி தாவிவிடும்.
அந்த ஏழு நொடி எங்கள் ஊரில் நடக்கவேயில்லை.
யாரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை,
பார்க்காமல் இருக்க
எல்லோரும் எவ்வளவு பாடுபட்டார்கள்.

ஐவர் போன பிறகு நாங்கள் ஜெயித்தது ஒன்றே ஒன்று.
இரண்டுக்குப் பூஜ்யம், கொட்டும் பனியில்.
அவர்களின் நடுவன் கொடுத்த பந்து
அவர்களின் குவார்ட்டர்பேக் தலைக்கு மேலே பறந்து
அவர்கள் எல்லைக்கோட்டுக்கு அப்பால் உருண்டது.
எங்கள் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள்.
நான் அந்த நடுவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் இன்னும் நிமிரவில்லை.
காலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்,
தலைகீழாய், வானத்தின் மேல் புல்லை.

மூன்று வெற்றி, ஆறு தோல்வி.
நவம்பரில் கவசங்களைத் திருப்பிக் கொடுக்கும் நாள்.
தாழ்வாரத்தில் ஐவர், இரண்டு ஊன்றுகோல்,
மடியில் நாங்கள் எண் எழுதி ஒப்படைக்க வேண்டிய ஹெல்மெட்டுகள்.
"எழுபத்தேழு என் ஆள்" என்றேன்.
ஒன்பது வாரம் வாய்க்குள்ளேயே கிடந்த வார்த்தை.
"தெரியும். உனக்குப் பின்னாலதானே நின்னேன்."
ஒரு ஹெல்மெட்டைத் திருப்பி எண்ணைப் பார்த்தான்.
"பந்து சரியாத்தான் வந்தது."

பிறகு ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்தான்.
ஒற்றைக் காலில் நின்று,
"ஒண்ணு குடு" என்றான்.
குனிந்தேன்.
வந்த கைகள் சில்லிட்டிருந்தன.
பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.
யார் கை என்று ஒரு கணம் தெரியவில்லை.
கொடுத்தேன்.

தாழ்வாரத்தின் கோடியிலிருந்து துப்புரவுக்காரர்
ஓடாதீர்கள் என்று கத்தினார்.
யாரும் ஓடவில்லை.