ஐந்தாம் சீட்டு

சம்பள மேசையில் என் பெயர் மாங் தெய்ன்.
தவசி என்று கூப்பிட்டாலும் திரும்புவேன்,
ஆனால் தவசிக்குச் சம்பளம் கிடையாது.

தாட்டோன் பயிற்சி முகாமில் மாதக் கடைசி.
வரிசையில் நின்று, சல்யூட் அடித்து,
வட்ட வட்டமாய்ப் பர்மியக் கையெழுத்துப் போட்டால்
சோப்புக்கு, முடி வெட்டியதற்கு,
சேற்றில் தொலைந்த கரண்டிக்கு,
பெயர் சொல்லாத ஏதோ ஒரு நிதிக்குப்
பிடித்ததுபோக
கைக்கு வருவது தொண்ணூறு கியாட்.
ஒரு எழுபத்தைந்து. ஒரு பதினைந்து.
அப்போது அப்படித்தான் அடித்தார்கள்:
இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து.
நூறு கியாட் தாள் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கேன்டீனில் எழுபத்தைந்தை மூன்றாய் உடைப்பேன்.
ஒன்று மோல்மீனுக்கு, வீட்டுக்கு.
ஒன்று கார்ப்பரல் பா ட்வேக்கு. அவர் பத்து கொடுத்தால்
பதிமூன்று என்று நோட்டில் எழுதுகிறவர்.
ஒன்று சீட்டுக்கு.
மிச்சப் பதினைந்தில் நான் இருக்கிறேன்:
தேத்தண்ணி, தபால்தலை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டை.

சீட்டு நான் ஆரம்பித்ததுதான்.
ஆறு பேர், ஆறு மாதம், ஆளுக்கு இருபத்தைந்து.
மற்ற ஐந்து பேருக்கும் விளங்கவைக்க
ஒரு ராத்திரி முழுக்கப் போயிற்று.
"நடுவில் எவனாவது ஓடிவிட்டால்?" என்றான் மின் தலா.
"பட்டாளத்திலிருந்து எங்கேடா ஓடுவது?" என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
சிரிப்பு நின்ற பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பெயர் எழுதிய துண்டுகளைத் தண்ணீர்க் குவளையில் குலுக்கினோம்.
முதல் சீட்டு சா எப்போவுக்கு. பல் கட்டிக்கொண்டான்.
இரண்டாவதை எடுத்த கியா ஸ்வா
விடிவதற்குள் சூதில் விட்டான்.
மூன்றாவது, மின் தலா வீட்டுக் கூரைத் தகரமானது.
நாலாவதை டுன் யி எடுத்து
பழைய டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கினான்.
அதைக் கேட்கத் தலைக்கு ஒரு சுருட்டு வாங்கினான், கஞ்சப்பயல்.

ஐந்தாவது எனக்கு.
இரண்டு எழுபத்தைந்து, மடங்காத புதுத் தாள்.
மச்சான் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு இரண்டு டயர்.
தபாலாபீஸ் போக அனுமதி திங்கட்கிழமைக்கு.

சனிக்கிழமை பகலில்
நாலாம் சீட்டு பேசியது.
இருபத்தைந்து செல்லாது.
முப்பத்தைந்து செல்லாது.
எழுபத்தைந்து செல்லாது.
மாற்றித் தரவும் மாட்டார்களாம்.
டுன் யி டிரான்சிஸ்டரைத் தட்டிப் பார்த்தான்,
கோளாறு அதில்தான் என்பதுபோல.

மத்தியானமே நாங்கள் பா ட்வேயிடம் ஓடினோம்,
கடனை இந்தத் தாளில் அடைத்துவிடலாமென்று.
அவர் தன் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.
எங்களைவிட அவருக்குத்தான் அதிகம் செத்திருந்தது.
ஆனாலும் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.
அந்த நோட்டு செத்தது. இந்த நோட்டு சாகவில்லை.

செப்டம்பர் கடைசியில் சம்பளம்
முதல்முறையாக ஒரே தாளில் வந்தது:
புது அச்சு, தொண்ணூறு கியாட்.
உடைக்கத்தான் முகாமில் ஆளில்லை.
ஆறாம் சீட்டு லால் துவாமாவுக்கு.
சில்லறை தேடி இரண்டு நாள் அலைந்து
தொண்ணூறு, நாற்பத்தைந்து, பதினைந்து என்று சேர்த்தோம்.
நானும் என் பங்கைப் போட்டேன்.
சீட்டு சீட்டுதானே.
அவன் இரண்டு தடவை எண்ணி
சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.
தவறில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.
ஆனாலும் அன்றிரவு
அவன் கொசுவலைப் பக்கம் நான் திரும்பிப் படுக்கவில்லை.

பயிற்சி முடிந்த அணிவகுப்பன்று காலை
மச்சானின் கடிதம்: டயர் என்னாயிற்று?
முகாமில் கொடுத்த வலது பூட்ஸ் ஒரு அளவு பெரிது.
ஆறு மாதமாய்க் குதிகாலில் கொப்புளம்.
இரண்டு எழுபத்தைந்தையும் நாலாய் மடித்து
உள்ளே திணித்தேன்.
நூற்றைம்பது கியாட் மேல் நின்று
கொடிக்குச் சல்யூட் அடித்தேன்.

அன்றைக்குத்தான் அந்த பூட்ஸ் சரியாக இருந்தது.