இரண்டு புள்ளி எட்டு

இரண்டு புள்ளி எட்டில்
காபி தளும்புவதில்லை.
சட்டைப் பித்தானை அவரே போட்டுக்கொள்கிறார்.
வஞ்சிரத்து முள்ளைத் தட்டோரம் ஒதுக்குகிறார்,
பழையபடி
வாயே திறக்காமல்.

மூன்று புள்ளி ஒன்றில்
என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

முப்பத்தோரு வருஷம் நான் ‘ஏய்’.
விருந்தாளி வந்தால் ‘உன்னைத்தான்’.
மின்துறையில் மீட்டர் கணக்கெடுத்த மனுஷன்
வீட்டிலும் எண்களைத்தான் பேசினார்:
பால் எத்தனை, பாக்கி எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு.
இப்போது முத்தியால்பேட்டை மார்க்கெட்டில்
நட்ட நடுவே நின்றுகொண்டு
மதலேன், மதலேன் என்கிறார்
கருவாட்டுக்காரி வாயைப் பொத்திக்கொள்ளும்படி.

கோரிமேட்டில் மண்டையைத் துளைத்து
மெல்லிசாய் இரண்டு கம்பி இறக்கினார்கள்.
நெஞ்சுத் தோலுக்கடியில் தீப்பெட்டி மாதிரி ஒன்று.
கழுத்தில் ஓடும் ஒயர்
சவரம் செய்யும்போது மட்டும் தெரியும்.
ரிமோட்டை என் கையில் கொடுத்து
அந்தச் சின்ன வயசு டாக்டர் சொன்னாள்:
“இந்த எல்லைக்குள்ள நீங்களே கூட்டிக் குறைக்கலாம்மா.
நடுக்கத்தப் பாத்து வைங்க.”

நடுக்கத்தைப் பார்க்கச் சொன்னாள்.
மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று புள்ளி ஒன்றில்
தம்பி மேல் போட்ட வழக்கை வாபஸ் வாங்கினார்.
ஒன்றரை அடிச் சுவருக்குப் பதினாறு வருஷம்.
சைக்கிள் கடைப் பையனின் காலேஜுக்குப்
பாதிப் பென்ஷனைக் கட்டிவிட்டு வந்தார்.
மூன்று புள்ளி மூன்றில்
விடிய விடியக் கடற்கரைப் பாறை மேல் உட்கார்ந்து
பூசைப் பாட்டெல்லாம் பாடினாராம்,
சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர்
வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

“நல்லாத்தான் இருக்கேன், மதலேன்.
இத்தன நாளாதான் பூட்டிக் கெடந்தேன்.”

சொன்னது தைரியநாதனா
தீப்பெட்டியா?

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டேன்.
சாமியார் இருமினார்.
“பிரஷர் மாத்திர போட்டாத்தான்
எனக்கும் பொறுமை வருது, மகளே.”

டாக்டரிடம் கேட்டேன், ஒரு தாளை நீட்டினாள்.
ஏழாம் கேள்வி:
உங்கள் கணவர் பழையபடி இருக்கிறாரா?
ஆம். இல்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
எந்தப் பழையபடி?
பெட்டி வைப்பதற்கு முன்பா,
நடுக்கம் வருவதற்கு முன்பா,
கல்யாணத்துக்கு முன்பு
காரைக்காலிலிருந்து எனக்கு ஒரே ஒரு கடிதம் போட்டாரே,
அப்போதா?

சொல்லாமல் விட்டது ஒன்று.

தபசு காலத்து வெள்ளிக்கிழமை. கஞ்சி.
மூன்று புள்ளி ஒன்றில் இருந்தார்.
சிரித்துக்கொண்டே சொன்னார்,
எனக்கு முன்னால் நெல்லித்தோப்பில் ஒருத்தி இருந்ததை,
அவளுடைய ஜிமிக்கியை,
அவள் வீட்டு மீட்டர் எண்ணை.
எண் மறக்கவில்லை.
என் கட்டைவிரல்
மடியிலேயே அமுக்கியது.
ஒரு தடவை. இன்னொரு தடவை.
பிறகு எண்ணவில்லை.

பாதி வாக்கியத்தில் குரல் இறங்கிப் போனது.
கரண்டி தட்டில் தந்தியடித்தது.
கஞ்சி சட்டை எல்லாம்.
அவர் என்னைப் பார்த்தார், கோபமில்லாமல்,
யார் வீட்டு வாசலிலோ நின்று
மீட்டரைப் பார்ப்பது போல.

கத்தியிருந்தால் சண்டை என்பார்கள்.
கரண்டியைப் பிடுங்கி எறிந்திருந்தால் ஊரே பேசும்.
இதற்கு என்ன பெயர்?
ஜெபப் புத்தகத்தில் ஆத்தும சோதனைப் பக்கத்தை
இரண்டு முறை படித்துவிட்டேன்.
களவு இருக்கிறது, பொய் இருக்கிறது,
பிறர் பண்டத்தின் மேல் ஆசை இருக்கிறது.

காலையில் ரிமோட்டை அவர் முன்னால் வைத்தேன்.
“எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”
நெடுநேரம் பார்த்தார்.
“எந்த நம்பர்ல இருக்கறவனக் கேக்கற?”

இப்போது அது சாப்பாட்டு மேஜை மேல் கிடக்கிறது,
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்,
இரண்டு பேருக்கும் எட்டுகிற தூரத்தில்.
இன்று இரண்டு புள்ளி எட்டு.
முள்ளை ஒதுக்குகிறார்.

ஏய், என்றார்.
திரும்பினேன்.
உப்பு கேட்டார்.
ரிமோட்டைத் தொடாமல்
ஜாடியை மட்டும் நகர்த்த
கொஞ்சம் நேரமானது.