தூங்க வைக்கும் வரிசை

ஏப்ரல் பதினான்கு, ராத்திரி.
தடைக்காலத்துக்காக முதுநகர் துறைமுகம்
ஒவ்வொன்றாக அணைகிறது.
முதலில் வலைகள் கரையேறின.
பிறகு வயர்லெஸ், ஜிபிஎஸ், மீன் காட்டும் கருவி,
யூரியா சாக்கில் கட்டி சைக்கிளில் வீட்டுக்குப் போயின.
பிறகு எஞ்சின்கள்.
பிறகு உப்பனாற்றுச் சேற்றில்
ஒன்றன் விலாவில் ஒன்று சாய்ந்த விசைப்படகுகள்.
எல்லாம் ஓய்ந்த பிறகே
ஜமாலுதீன் ஐஸ் கம்பெனியின் கம்ப்ரஸர் இருமி நின்றது.
அதற்கும் பிறகு டீசல் பங்க்கின் ஒற்றை விளக்கு.

டீசலை முதலில் பூட்டியிருந்தால்
கடைசிப் படகு முகத்துவாரத்திலேயே நின்றிருக்கும்.

எதிர் மாடியில் எங்களுக்கு இரண்டு அறை.
மீன் காட்டும் கருவிக்குள் ஓடும் கெர்னல் என் பொறுப்பு.
பேட்டரி மிச்சமாக
அது அடிக்கடி தூங்கி எழ வேண்டும்.
தூங்குவது சுலபம் என்பவர்கள்
கெர்னல் எழுதாதவர்கள்.

விதி சின்னது:
பிள்ளை தூங்கிய பிறகு தாய்.
விழிக்கும்போது தாய் முதலில்.
திரைக்குத் தாய் இரண்டு கம்பியில் ஓடும் ஒரு பஸ்
(மஞ்சக்குப்பம் போகிற பஸ் இல்லை).
தாயும் பிள்ளையும் ஒழுங்காகவே எழுகிறார்கள்.
ஆனாலும் நூறு தடவையில் ஏழு தடவை
திரை கறுப்பு.
லாக்கில் மைனஸ் நூற்றிப்பத்து.
கூப்பிட்டேன், பதில் இல்லை, நேரம் முடிந்தது
என்று அதற்கு அர்த்தம்.

மரத்தின் வேறொரு கிளையில் ஒரு ரெகுலேட்டர்.
திரை குடிக்கும் மின்சாரம் அங்கிருந்து வருகிறது.
பெற்றது ஒன்று, சோறு போடுவது வேறொன்று.
கெர்னலிடம் இருந்ததோ பெற்றவர் பட்டியல் மட்டும்.
எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுப்பினால்
சீக்கிரம் முடியுமே என்று
போன வருஷம் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.
சேர்த்திருந்தார்கள் என்ன, நான்தான்.
தொண்ணூற்று மூன்று தடவை
மின்சாரம் ஓடி முந்திவிடும்.
மீதி ஏழு தடவை
உலை வைப்பதற்குள் இலை போட்டு
உட்கார்ந்துவிடும் திரை.

ஜூன் பதினான்கு, நள்ளிரவு.
படகுகள் போகலாம் என்று ஆணை.
ஆணையில் படகுகள் இருந்தன, ஐஸ் இல்லை.
ஜமாலுதீனுக்குக் கரண்ட் திரும்பக் கிடைத்ததே
அன்று சாயங்காலம்.
உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் பார் உறைய
இரண்டு நாள் ஆகும்.
கலியவரதன் காத்திருக்கவில்லை.
கடன் கொடுத்தவன் கரையிலேயே நின்றிருந்தான்.
வெறும் பெட்டியோடு போனார்.
மூன்றாம் நாள் காலை
கண் வெளுத்து வயிறு உடைந்த சங்கராவைக்
கோழித் தீவனக்காரன் கிலோ பதினெட்டுக்கு எடுத்தான்.

இதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது என்று
எழுதினால் நன்றாக இருக்கும்.
பொய்.
மே மாதமே லாக்கில் பார்த்துவிட்டேன்.
எழுத வேண்டியது ஒரே உறவு:
இந்தத் திரை அந்த ரெகுலேட்டரை நம்பியிருக்கிறது.
இது உறங்கும்வரை அது உறங்கக் கூடாது,
அது விழிக்கும்வரை இது விழிக்கக் கூடாது.
வெயில், கரண்ட் கட், கொழுந்தன் கல்யாணம்...
எழுதவில்லை.

அவர் படகிலும் நடுக்கடலில் ஒரு தடவை
திரை எழவில்லையாம்.
"மீன் நாறினதுக்கு நீங்க காரணம் இல்லம்மா" என்றார்,
பாக்கி எதற்கோ நான்தான் காரணம் என்பதுபோல.

அன்றிரவே எழுதினேன்.
ஆயிரம் தடவை தூங்க வைத்து
ஆயிரம் தடவை எழுப்பினேன்.
எதிரே ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
ஒருமுறைகூடக் கறுக்கவில்லை.

காலையில் புதுச்சேரி ஆபீஸிலிருந்து
இன்பசேகரன் கேட்கிறார்:
எழுவதற்கு நாற்பது மில்லிசெகண்ட் கூடியிருக்கிறதே, ஏன்?
காத்திருக்கும் நேரம் என்று அடித்தேன்.
அழித்தேன்.
ஐஸ் உறையும் நேரம் என்று அடித்தேன்.
அதையும் அழித்துவிட்டு
வரிசைப்படி, சார்
என்று மட்டும் அனுப்பினேன்.