முள்ளோடை ஸ்டாப்பிங்

ஒரு நாளைக்கு எட்டு முறை
எல்லை தாண்டுகிறேன்.
கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாலு,
புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு நாலு.
தோளில் தோல் பை, வாயில் விசில்,
பையின் உள்ளறையில் சில்லறைக்கும் கீழே
ஐந்து கடலை உருண்டை.

பசி வேறு வேஷத்தில் வரும் என்று
ஜிப்மரில் பிலோமினா மேடம் சொன்னபோது சிரித்தேன்.
பிறகு கவனித்தேன்.
டிபன் தவறிய ஒரு நாள், பதினொன்றரை மணிக்கு,
வயிறு சோறு கேட்கவில்லை.
குவார்ட்டர் கேட்டது.
ஓர் உருண்டையைக் கடித்தேன், வாயை மூடிக்கொண்டது.
எப்போதும் இவ்வளவு சுலபம் இல்லை.

ரெட்டிச்சாவடி தாண்டியதும்
பேருந்துக்குள் ஓர் அசைவு உண்டு.
சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பவர்கள்,
நான் முள்ளோடை என்று கத்தும் முன்பே
படிக்கட்டுக்கு வந்துவிடுபவர்கள்.
டியூட்டி இல்லாத நாட்களில்
அந்தப் படிக்கட்டில் முதல் ஆள் நான்.

போன வருஷம் இருநூற்று ஆறு நாள் நிறுத்தினேன்.
இருநூற்று ஏழாவது நாள், ஒரு வியாழக்கிழமை, குடித்தேன்.
எல்லோரும் அந்த வியாழக்கிழமையைத்தான் கேட்கிறார்கள்.
யார் கூப்பிட்டது, வீட்டில் என்ன சண்டை.
வியாழக்கிழமை ஒன்றுமே நடக்கவில்லை.
அதற்கு மூன்று வாரம் முன்னால்
பல்வலி என்று சொல்லிக் கூட்டத்துக்குப் போகவில்லை.
பல் வலிக்கவில்லை.
பணம் வேண்டுமென்று டபுள் டியூட்டி கேட்டு வாங்கினேன்.
பணமும் அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை.
ரசத்தில் உப்பு என்று அஞ்சலாட்சியிடம் சிடுசிடுத்தேன்.
பிறகு ஒருநாள் முள்ளோடையில்
ரோட்டைப் பார்த்து நிற்கிறவன்
திரும்பிக் கடை போர்டுகளை வாசித்தேன்.
வாசிக்கத்தானே செய்தேன்.
அப்படி ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக ஏறி உட்கார்ந்தது அது.
டிக்கெட் கேட்காமல் விட்டவன் நான்.

அன்றிரவு காலண்டரில் அவள் வைத்திருந்த
இருநூற்று ஆறு பேனாப் புள்ளிகளைக்
கிழிக்கப் போனேன்.
கையைப் பிடித்தாள்.
"அது நீ குடிக்காம இருந்த நாளு. அது பொய்யா?"
அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை,
நான்கு நாளைக்கு.

இன்று ஆல்பேட்டையில் ஒருவன் ஏறினான்.
நாணயங்களை எண்ணினான், மூன்று ரூபாய் குறைந்தது.
மறுபடி எண்ணினான்.
முள்ளோடை என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.
அந்தக் கை நடுக்கம் எனக்குத் தெரியும்,
விடிந்ததும் வந்து தானே சட்டைப் பொத்தானைப் போட விடாதது.
இறக்கிவிடலாம். இரண்டு வார்த்தை புத்தி சொல்லலாம்.
ஆனால் ஒரே நாளில் நிறுத்தி
வலிப்பு வந்து விழுந்தவன் நான்,
மருந்தில்லாமல் நிறுத்து என்று எவனுக்கும் சொல்ல மாட்டேன்.
மூன்று ரூபாயை நான் போட்டேன்.
டிக்கெட்டின் பின்னால் ஒரு போன் நம்பர் எழுதினேன்.
படிக்காமலே மடித்துக் காதில் செருகிக்கொண்டான்.
செய்தது சரியா, தெரியவில்லை.
திரும்பும் ட்ரிப்பில் எட்டிப் பார்த்தேன்.
முள்ளோடை மண்ணில் நூறு டிக்கெட் கிடந்தது,
எது அவனுடையது?

கடைசி ட்ரிப், ஒன்பதேகால்.
அசதி, கை நிறையக் காசு, பாதி காலியான பஸ்.
மூன்றும் சேர்ந்து வந்தால் ஆகாது எனக்கு.
கன்னியக்கோயில் வரும்போதே போன் போடுகிறேன்,
துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் லூர்துவுக்கு.
என்னைவிட இரண்டு வருஷம் மூத்தவர், குடிக்காமல் இருப்பதில்.
"எங்க வர்ற?"
"கன்னியக்கோயில்."
"சரி, பேசு."
பேச ஒன்றுமில்லை. அவர்தான் பேசுகிறார்,
வஞ்சிரம் என்ன விலை போச்சு,
ஐஸ்காரன் எப்படி ஏமாற்றினான்,
மூத்த பெண்ணுக்கு ஸ்கூட்டி வேண்டுமாம்.

முள்ளோடை எறக்கம் இருக்கா,
போனைக் காதிலிருந்து எடுக்காமல் குரல் கொடுக்கிறேன்.
யாரும் எழவில்லை.
நானும்தான்.
இரண்டு விசில்.