பக்கத்துக்கு ஒரு ராண்ட்

நாலு கணினி, ஒரு பிரிண்டர்.
கறுப்பு வெள்ளை இரண்டு ராண்ட், கலர் ஐந்து என்று
மார்க்கரால் எழுதி நானே ஒட்டிய விலைப்பட்டியல்.
பள்ளி விட்டதும், மூன்றேகாலுக்கு,
டோங்காட்டின் பாதிப் பிள்ளைகள் என் கடை வாசலில்.

போன தவணை எரிமலை.
முப்பத்தெட்டு எரிமலை அடித்துக் கொடுத்தேன்.
முப்பத்தெட்டும் ஒரே பக்கம் சாய்ந்து புகைந்தன.
அதற்கு முந்தைய தவணை காண்டாமிருகம்.
தலைப்பைத் தட்டுவார்கள்,
முதலில் வரும் படம், முதலில் வரும் பத்தி,
அடியில் அவரவர் பெயர், வகுப்பு.
படித்துப் பார்த்தாயா என்று நான் கேட்பதில்லை.
கேட்டால் அடுத்த தெருவில் ஃபரூக்கின் கடை இருக்கிறது,
மை விற்கிற விலையில்
எனக்கு எரிமலையும் வேண்டும், காண்டாமிருகமும் வேண்டும்.

இந்தத் தவணை, வெள்ளம்.

லெவாஷ்னி வந்து மூன்றாம் கணினியில் உட்கார்ந்தாள்.
ஆறாம் வகுப்பு. காலணியில் ஒன்றுக்குத்தான் கயிறு.
ஆற்றை ஒட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது.
ஏப்ரலில் ஓர் இரவு அந்த ஆறு
சமையல்கட்டைப் பின்சுவரோடு அள்ளிக்கொண்டு போனது,
அடுப்பில் பருப்புச் சட்டி இருந்தபடியே.
இன்றுவரை அங்கே நீலத் தார்ப்பாய்தான் சுவர்.
காற்றடித்தால் வீடு மூச்சு வாங்குது அக்கா என்று
தண்ணீர் லாரி வரிசையில் நின்றபோது அவள் அம்மா சொன்னாள்,
வாளியை இடுப்பு மாற்றி வைத்து, சிரித்துக்கொண்டே.

வெள்ளம் என்று தட்டினாள்.
வந்தது வேறு தேசத்து வெள்ளம்:
சிவப்பு ஓட்டுக் கூரைகள், கூர்க்கோபுரத் தேவாலயம்,
மஞ்சள் மழைக்கோட்டு மனிதன் ஒருவன்,
அவன் படகில் ஒரு நாய்.
நாய் அவளுக்குப் பிடித்துவிட்டது.

வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு.
உங்கள் வீட்டுப் படம் அம்மா போனில் இருக்குமே என்றேன்.
திரையை விட்டுத் திரும்பவில்லை அவள்.
"அது ஆகாது ஆன்ட்டி.
அம்மா நைட்டியோடு நிற்கிறாள் அதில்.
பக்கத்தில் எழுத்து ஒன்றும் இல்லை."
மவுஸை உருட்டினாள், கொஞ்சம் பொறுத்து:
"இதில் காரணம் ஐந்து, விளைவு ஏழு, எல்லாம் இருக்கிறது."

ஆறு பக்கம்.
உள்ளங்கையில் ஏழு ராண்ட், வியர்வையோடு.

மலிவுத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன்.
அந்த இரவு கடைக்குள்ளும் கணுக்கால் அளவு வந்தது.
அடித்தட்டுக் காகிதக் கட்டுகள் முழுக்க நனைந்தன.
பிரித்துப் பிரித்து வெயிலில் காயப்போட்டேன்,
அப்பளம்போல் நெளிந்து மீண்டன.
பக்கத்துக்கு ஒரு ராண்ட், விலைப்பட்டியலில் இல்லாத விலை.
இதில் அடிக்கவா என்றேன்.
எதுவானாலும் என்றாள்.

பிரிண்டர் இரண்டு முறை சிக்கியது,
திட்டினேன், மறுபடி ஓடியது.
படகு வந்தது, நாய் வந்தது, கோபுரம் வந்தது.
தாளின் குறுக்கே, நாயின் வால் உயரத்துக்கு,
எங்கள் ஆற்றின் பழுப்புக் கோடு.
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.
அடுத்த பக்கத்திலும் அதே உயரம்,
அதற்கடுத்த பக்கத்திலும்.
கிளிப் போட்டுக் கொடுத்தேன்.
மீதி ஒரு ராண்டுக்குப் பபிள்கம் வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம் கழித்து அதே மூன்றாம் கணினி.
மார்க் என்னம்மா?
பையிலிருந்து எடுத்து நீட்டினாள்: இருபதுக்குப் பதினெட்டு.
காரணம் ஐந்தும் சரி, விளைவு ஏழும் சரி.
இரண்டு எங்கே போனது என்று புரட்டினேன்.
முதல் பக்கத்தில் அந்தக் கோட்டைச் சுற்றி
மிஸஸ் ரங்கசாமியின் சிவப்புப் பேனா வட்டம்:
தாள் அழுக்கு. சுத்தமாகச் சமர்ப்பிக்கவும்.

"இந்த முறை வெள்ளைத் தாளில் ஆன்ட்டி"
என்று காசுகளை மேசையில் அடுக்கினாள்,
எல்லாம் இரண்டு ராண்டாக, மாற்றி வாங்கி வந்திருக்கிறாள்.
மலிவுத் தாள் இன்னும் பாதிக் கட்டு மிச்சம்.
பெட்டியைக் காலால் மேசைக்கடியில் தள்ளினேன்.